வெட்டுப்புள்ளி வராட்டி ஆறாம் தரம் இல்லையா?

"வெட்டுப்புள்ளிக்குக் கீழ எடுத்த பிள்ளைக்கு அரசாங்கப் பாடசாலையில ஆறாம் தரத்துக்கு இடமில்லையாம்." இலங்கையின் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை பற்றி, கொழும்பில் கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைப் பக்கத்துப் பெற்றோரின் வாட்ஸ்அப்பில் சுற்றும் குரல்பதிவு இது. பொய்.

இந்தப் பரீட்சையில் சித்தி, தோல்வி என்ற பேச்சுக்கே இடமில்லை. இரண்டு வினாத்தாள், மொத்தம் 200 புள்ளி. வெட்டுப்புள்ளி, அதாவது எடுக்க வேண்டிய குறைந்தபட்சப் புள்ளி, மாவட்டத்துக்கும் படிக்கும் மொழிக்கும் தனித்தனியாக வரும்; அது இரண்டு விஷயத்துக்குத்தான்: பிரபல பாடசாலைகளில் ஆறாம் தரத்துக்கு விண்ணப்பிக்க, வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளை உதவிப்பணம் பெற. அதைத் தாண்டாத பிள்ளை தன் பாடசாலையிலேயே அடுத்த வகுப்புக்குப் போகும். அங்கே ஐந்தோடு முடிந்தால் வேறு அரசாங்கப் பாடசாலையில் சேரலாம். 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பது சட்டம். பிறகு எப்படி வெளியே தள்ளுவார்கள்?

வதந்தி நம்பப்படுவதற்குக் காரணம் உண்டு. வெட்டுப்புள்ளி தாண்டியவர்களின் படங்களோடு வாசலில் பெரிய பேனர் தொங்கும். மற்றப் பிள்ளைகள் அதற்குக் கீழால்தான் உள்ளே போக வேண்டும். சித்திரப் பாட நேரத்தையும் கடந்தகால வினாத்தாள் விழுங்கிவிடும். என் அக்காவின் மகள் டியூஷன் முடிந்து முச்சக்கரவண்டியிலேயே தூங்கிவிடுவாள், மடியில் மாதிரி வினாத்தாள் விரிந்தபடி. அவளுக்கும் அந்தக் குரல்பதிவைப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள்.