அரை முழம்

இடம்: சிங்கப்பூர் லிட்டில் இந்தியா, கேம்பல் லேனில் ஒரு பூக்கடை. ஆவணி மாதச் சனிக்கிழமை, மாலை ஆறு மணி.

(மரகதம் அக்கா மல்லிகைச் சரத்தை முழங்கையில் வைத்து அளந்துகொண்டிருக்கிறார். அவருக்குக் கை கொஞ்சம் குட்டை, அதனால் முழமும் குட்டை. இது தேக்கா வட்டாரத்துக்கே தெரியும். நேரில் சொல்லத்தான் ஆள் கிடையாது. ஷாமினி வருகிறாள். வயது 27. உடம்பில் பட்டுப்புடவை, தலையில் பேஸ்பால் தொப்பி.)

மரகதம்: வாம்மா ஷாமினி! கல்யாண விருந்தா? வழக்கம்போல இரண்டு முழம்தானே?

ஷாமினி: அரை முழம் போதும் அக்கா.

மரகதம்: சாமி படத்துக்கா?

ஷாமினி: தலைக்கு.

மரகதம்: யார் தலைக்கு?

(ஷாமினி தொப்பியைக் கழற்றுகிறாள். மரகதம் அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்தக் கடையில் இது அபூர்வம்.)

ஷாமினி: ஏதாவது சொல்லிவிடுங்கள் அக்கா. வீட்டு லிஃப்டில் மேலேயிருந்து வெளிச்சம் அடிக்கும், அங்கேதான் பார்த்தேன். வகிடு பிஐஇ விரைவுச்சாலை மாதிரி அகலமாகிவிட்டது. சாலைக் கட்டணம் பிடிக்கிற இஆர்பி வைக்காதது ஒன்றுதான் பாக்கி.

மரகதம்: சேச்சே, அவ்வளவெல்லாம் இல்லை. தைப்பூசத்துக்கு வந்தபோது பின்னல் என் மணிக்கட்டு தண்டி இருந்ததே! எப்போதிருந்து இப்படி?

ஷாமினி: ஜூலையிலிருந்து. குளியலறையில் தண்ணீர் இறங்கவில்லை. வீடு கூட்டுகிற ரோபோ நடுக்கூடத்தில் நின்றுகொண்டு சீனத்தில் கத்துகிறது. சக்கரத்தில் ஏதோ சிக்கிவிட்டதாம். ஏதோ என்ன ஏதோ, நான்தான். குளிக்கும்போது கையோடு வருவதை டைல்ஸ் சுவரில் ஒட்டி வைத்து எண்ணுவேன். ஒரு நாள் 212.

மரகதம்: எனக்குப் பூவை எண்ணவே நேரமில்லை!

ஷாமினி: அதையெல்லாம் ஜிப் வைத்த பையில் போட்டு, தேதி எழுதி, பலதுறை மருந்தகத்துக்குக் கொண்டுபோனேன்.

மரகதம்: டாக்டர் என்ன சொன்னார்?

ஷாமினி: ஒழுங்காக எழுதியிருக்கிறாய் என்றார். அப்புறம் என் தலையில் ஐம்பது அறுபது முடியை விரலிடுக்கில் பிடித்து மெல்ல இழுத்தார். ஏழு வந்தது.

மரகதம்: முடி கொட்டுகிறது என்று போனவள் தலையிலிருந்து ஏழைப் பிடுங்கினாரா?

ஷாமினி: அதுதான் அக்கா பரிசோதனையே.

மரகதம்: அதற்குக் காசு வேறு வாங்கியிருப்பார்.

ஷாமினி: வாங்கினார். அப்புறம், ஒரு நாளைக்கு ஐம்பது முதல் நூறு வரை எல்லோருக்கும் கொட்டும், தலையில் இருப்பது கிட்டத்தட்ட ஒரு லட்சம் என்றார்.

மரகதம்: லட்சாதிபதியாக இருந்துகொண்டா அரை முழம் கேட்கிறாய்?

ஷாமினி: கேளுங்கள் அக்கா. 'இரண்டு மூன்று மாதம் முன்னால் பெரிய காய்ச்சல் ஏதாவது வந்ததா?' என்று கேட்டார். ஏப்ரலில் எனக்கு டெங்கி இல்லையா? அதுதான் காரணமாம். அப்படி ஒரு காய்ச்சல் அடித்தால் வளர்ந்துகொண்டிருக்கிற முடியில் நிறைய ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடுமாம். மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டு, அப்புறம் எல்லாம் சேர்ந்து விழுமாம்.

மரகதம்: மொத்தமாக எம்சி எடுத்து, மருத்துவ விடுப்பில் போய்விட்டதா?

ஷாமினி: அப்படித்தான் வைத்துக்கொள்ளுங்கள்.

மரகதம்: எம்சி முடிந்தால் வேலைக்குத் திரும்புமா?

ஷாமினி: போன ஆள் போனதுதான். நாற்காலி அங்கேயே இருக்கிறது, புது ஆள் வந்து உட்காரும் என்றார். அதாவது வேர் போகவில்லை.

மரகதம்: பிறகு எதற்கு இந்தத் தொப்பி?

ஷாமினி: டாக்டர் ஒருவர்தானே அக்கா அப்படிச் சொன்னார்? மற்றவர்களெல்லாம் வேறு சொல்கிறார்களே. கனம் குறைந்தால் கொட்டாது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். வெட்டினேன். இப்போது குட்டையாகக் கொட்டுகிறது. ஈசூன் அத்தை சின்ன வெங்காயச் சாறு தடவச் சொன்னார். இரண்டு முறை அலசியும் வாடை போகவில்லை. எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் இருந்த அம்மா எழுந்து போனார். இன்னொரு பக்கம் இருந்த பையன் முகக்கவசம் எடுத்து மாட்டினான். எதிரே டுரியான் கொண்டுவரக் கூடாது என்று படம் போட்டிருந்தது. அதையும் பார்த்தான், என்னையும் பார்த்தான்.

மரகதம்: (சிரிப்பை அடக்கிக்கொண்டு) அம்மா என்ன சொல்கிறார்?

ஷாமினி: மொட்டை.

மரகதம்: ஐயோ!

ஷாமினி: பழனிக்கு வேண்டிக்கொண்டாராம், என்னைக் கேட்காமல். மொட்டையடித்தால் அடர்த்தியாக வளரும் என்கிறார். வேர் தோலுக்கு அடியில் இருக்கிறது, மேலே சிரைப்பது அதற்குத் தெரியவே தெரியாது என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். 'அந்த டாக்டருக்கு முடி இருக்கிறதா?' என்று கேட்டார்.

மரகதம்: என் வீட்டுக்காரர் முருகனுக்கு மூன்று முறை கொடுத்தார். முருகன் மூன்று முறையும் வாங்கிக்கொண்டார். மூன்றாவது முறை திருப்பித் தரவில்லை.

ஷாமினி: ஆபீசில் ஒருத்தி மினாக்சிடில் போடச் சொல்கிறாள். அது முதலில் ரத்த அழுத்தத்துக்கு வந்த மாத்திரையாம். சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி முளைத்ததைப் பார்த்துவிட்டுத்தான் தலைக்குத் தடவுகிற மருந்தாக்கினார்களாம்.

மரகதம்: பத்து வருஷமாகப் பிரஷருக்கு மாத்திரை போடுகிறேன். எனக்கு ஏன் ஒன்றும் முளைக்கவில்லை?

ஷாமினி: அது வேறு மாத்திரை அக்கா. எனக்கு இப்போது அதெல்லாம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரத்தம் எடுத்தார்கள். தைராய்டு சரி, இரும்புச்சத்துதான் குறைவு. அம்மா வாங்கிவைத்த பயோட்டின் மிட்டாயைச் சொன்னதும், ரத்தம் எடுப்பதற்கு முன்னால் அதை நிறுத்தச் சொன்னார். தைராய்டு முடிவைத் தப்பாகக் காட்டிவிடுமாம். ஆறு மாதத்தில் நிற்கவில்லை என்றால் மண்டலே ரோட்டில் இருக்கிற தோல் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தருவார்.

மரகதம்: நல்ல டாக்டர்தான். இந்தா, கோப்பி குடி. இப்போதுதான் வாங்கிவந்தேன்.

ஷாமினி: இரும்பு மாத்திரை போட்டிருக்கிறேன். கூடவே கோப்பி குடித்தால் இரும்பு உடம்பில் ஒட்டாதாம்.

மரகதம்: கோப்பியுமா! முடி போனாலும் போகட்டும் என்று நான் குடித்திருப்பேன். சரி, திரும்பு. பூ வைக்க இடம் பார்க்கிறேன்.

(முடியை ஒன்றுசேர்த்துப் பிடித்து, முழங்கையில் வைத்து அளக்கிறார்.)

மரகதம்: முக்கால் முழம் இருக்கிறதே!

ஷாமினி: முக்காலா? அரைதான் மிஞ்சியது என்று நினைத்தேன்!

மரகதம்: முழக்கணக்கில் எனக்கே பாடமா? முப்பது வருஷமாக அளக்கிறேன். போன வாரம் ஒரு பெண் ஐந்து முழம் வாங்கினாள். அந்தச் சடையில் முக்கால்வாசி சவுரி. நான் மூச்சு விடவில்லை. (குனிந்து நெற்றியைப் பார்க்கிறார்) இதென்ன, முன்னால் பளபளவென்று?

ஷாமினி: ஜெல். அங்கே குட்டி குட்டியாக முள்ளு மாதிரி நிற்கிறது அக்கா. இருக்கிறதும் உடைகிறது போலிருக்கிறது. தினமும் அமுக்கி அமுக்கிப் பார்க்கிறேன், அடங்கவே மாட்டேன் என்கிறது. ஒரு டப்பா காலி.

(மரகதம் அக்கா ஈரத்துணியால் ஜெல்லைத் துடைக்கிறார். மூக்குக்கண்ணாடியை இறக்கி, ஒரு முடியை மட்டும் நகத்தால் நிமிர்த்தி, கீழே ஒரு மல்லிகை மொட்டை வைத்துப் பார்க்கிறார். வெள்ளைக்கு மேல் கறுப்பு தெளிவாகத் தெரிகிறது.)

மரகதம்: முனையைப் பார். ஊசி மாதிரி கூராக இருக்கிறது. உடைந்த முடி என்றால் வெட்டின மாதிரி இருக்கும். இது முளைக்கிற முடி. ஒரு விரற்கடை வந்துவிட்டது.

ஷாமினி: நிஜமாகவா?

மரகதம்: மாதத்துக்கு எவ்வளவு வளரும் என்றார்?

ஷாமினி: ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்.

மரகதம்: அப்படியானால் கணக்குச் சரிதானே? ஜூலையில் வந்து உட்கார்ந்த ஆளை ஜெல் போட்டு அமுக்கியிருக்கிறாய்.

(ஷாமினி கைபேசியில் முகம் பார்க்கிறாள். அந்த முள்முடிகளை ஒவ்வொன்றாகத் தொடுகிறாள். தொப்பியைப் பைக்குள் திணிக்கிறாள்.)

ஷாமினி: அக்கா, ஒரு முழமாகவே கொடுங்கள்.

மரகதம்: மாட்டேன். இறுக்கிக் கட்டி அதன் மேல் பாரம் ஏற்றினால் முன்நெற்றியில் இருக்கிற முடியும் கொட்டி, நெற்றி ஏறிவிடும். தளர்வாக முடிந்துகொள். அரை முழம்தான். விற்கிறவள் நானே சொல்கிறேன், கேள்.

(அளந்து, நறுக்கிக் கொடுக்கிறார். ஷாமினி வாங்கித் தன் கையில் வைத்துப் பார்க்கிறாள். முழங்கை வரை பாதி தூரம்கூட வரவில்லை.)

ஷாமினி: அக்கா, சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. இது அரை முழம் இல்லை. உங்கள் முழம் குட்டை.

மரகதம்: முடியை அளந்தபோது வாய் திறந்தாயா நீ?