ஜிக்சா எல்லாக் கணக்குக்கும் ஒத்துவராது
ஜிக்சா என்பது பாடத்தைத் துண்டுகளாக்கி, குழுவில் ஆளுக்கொரு துண்டைப் படித்து மற்றவர்களுக்குச் சொல்லித்தரும் முறை. அதைக் கணக்கில் எந்தப் பாடத்துக்கும் அப்படியே எடுக்கலாம், பயிற்சி ஆசிரியர்களுக்கு அதுதான் சுலபம் என்று ஒரு கட்டுரை சொல்வது எனக்கு ஒப்பவில்லை. 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் உளவியலாளர் எலியட் ஆரன்சன் அதைத் தொடங்கியதே, புதிதாக ஒரே வகுப்பில் சேர்ந்த வெவ்வேறு இனப் பிள்ளைகளுக்குள் இருந்த பகையைத் தணிக்கத்தான். தனித்தனித் துண்டாகப் பிரிக்க முடிகிற பாடம் என்றால் அருமையான முறை. பி.எட். பயிற்சியில் ஒன்பதாம் வகுப்புக்கு நாற்கரங்களை அப்படித்தான் எடுத்தேன். இணைகரம் ஒருவருக்கு, சாய்சதுரம் ஒருவருக்கு, சரிவகம் ஒருவருக்கு. கச்சிதமாகப் போனது. அப்புறம் காரணிப்படுத்தல் வந்தது. அங்கே ஒரு படி விளங்கினால்தான் அடுத்த படி. பொதுக் காரணி சொல்லித்தர வேண்டிய பையன் 3ஐ வெளியே எடுத்துவிட்டு, அடைப்புக்குள் இருந்த 9ஐ 3 ஆக்காமல் 9 ஆகவே விட்டுவிட்டான். மற்ற மூவரும் அதை அப்படியே நோட்டில் இறக்கிக்கொண்டார்கள்! அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர், நன்றாகப் படிக்கும் பிள்ளையைக் குழுத்தலைவர் ஆக்கினால் போதும் என்கிறார். சரி, ஆனால் அப்போது அந்தப் பிள்ளை மட்டும்தான் கணக்குப் போடும், மற்றவர்கள் பார்த்து எழுதுவார்கள். இதற்கு அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் ராபர்ட் ஸ்லாவினின் ஸ்டாட் (STAD) என்ற குழுக்கற்றல் முறை எவ்வளவோ மேல். பயிற்சி சேர்ந்து, தேர்வு தனித்தனி. தன் பழைய சராசரியைவிட எவ்வளவு ஏறினாரோ அதைப் பொறுத்துக் குழுவுக்குப் புள்ளி. வழக்கமாகப் பத்துக்கு மூன்று எடுப்பவன் ஐந்து எடுத்தால் குழுவுக்கே லாபம் என்பதால், மற்றவர்கள் அவனை விடாமல் பிடித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒவ்வொரு தேர்வுக்கும் சராசரி பார்ப்பதுதான் தலைவலி, அதுவும் பாடக்குறிப்பு எழுதி முடிக்கவே நேரம் போதாத பயிற்சிக் காலத்தில்.