மொட்டை மாடியில் ஒரு வட்டிக் கணக்கு

சோலார் பேனலைக் காவிரித் தண்ணீரில்தான் கழுவ வேண்டும். சேலம் கொண்டலாம்பட்டிப் பக்கத்து போர்த் தண்ணீரில் கழுவினால், காய்ந்ததும் கண்ணாடி மேல் திட்டுத் திட்டாக உப்புப் படிந்துவிடுகிறது. இரண்டு மாதம் அப்படிக் கழுவிய பிறகுதான் எனக்கு இது தெரிந்தது. இப்போது மேட்டூர்க் குழாயில் தண்ணீர் வரும் நாளில் இரண்டு குடம் எடுத்து வைத்துவிடுகிறேன். வெயில் ஏறுவதற்குள் மாடிக்குப் போய், பழைய வேட்டித் துணியை நனைத்து ஒவ்வொரு பேனலாகத் துடைப்பேன். அப்படித் துடைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில் எதிர்வீட்டுச் செல்வி கீழேயிருந்து அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்: "அக்கா, இதை எங்கள் வீட்டில் போட்டால் எவ்வளவு ஆகும்?"

அவளுக்குப் பதில் சொல்ல எனக்கு மூன்று நாள் தேவைப்பட்டது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் 31 ஆண்டுகள் பேரேடு எழுதி ஓய்வு பெற்றவள் நான். வாய்க்கு வந்த தொகையைச் சொல்லி அனுப்ப மனம் வரவில்லை. அந்த மூன்று நாளில் நோட்டில் போட்ட கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். சோலாரைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் பேனல் விலையைச் சொல்கிறார்கள், மானியத்தைச் சொல்கிறார்கள். வட்டியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. செல்வி வீட்டுக்கு சோலார் வருமா வராதா என்பதைத் தீர்மானிப்பதே அந்த வட்டிதான் என்பது என் திடமான கருத்து.

என் வீட்டில் போட்டிருப்பது 3 கிலோவாட். பேனல், இரும்புச் சட்டம், இன்வெர்ட்டர், வயரிங், கூலி எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 2 லட்சம் ஆயிற்று. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்த சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. அதைக் கழித்தால் என் கையிலிருந்து போனது 1 லட்சத்து 22 ஆயிரம். நாளுக்குச் சராசரியாக 12 யூனிட் கிடைக்கிறது. ஆண்டுக்கு 4,300 என்று வைத்துக்கொள்ளலாம். பேனலின் திறன் ஆண்டுதோறும் அரை சதவீதம் போலக் குறையும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், 25 ஆண்டில் சுமார் 1 லட்சம் யூனிட். இடையில் ஒரு முறை இன்வெர்ட்டரை மாற்றும் செலவையும் கூட்டினால் யூனிட் ஒன்றரை ரூபாயில் அடங்கிவிடும்.

இது கையில் ரொக்கம் இருப்பவரின் கணக்கு. எனக்குப் பணிக்கொடைப் பணம் இருந்தது, போட்டேன்.

அதே 1 லட்சத்து 22 ஆயிரத்தை அரசு வங்கியில் 7 சதவீத வட்டிக்குப் பத்தாண்டுக் கடனாக வாங்கினால் மாதத் தவணை 1,416 ரூபாய். கடன் தீரும்வரை யூனிட் ஏறக்குறைய 4 ரூபாய் ஆகிவிடுகிறது. வெளியில் நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு வாங்கினால், அதாவது ஆண்டுக்கு 24 சதவீதம், தவணை 2,690 ரூபாய், யூனிட் ஏழரை ரூபாய். பேனல் அதே பேனல், வெயிலும் அதே சேலத்து வெயில். வட்டி மட்டும் மாறியது, மின்சாரத்தின் விலை ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது.

ஏன் இப்படி? மேட்டூர் அனல்மின் நிலையத்தில் நிலக்கரியை எரிக்க எரிக்க வாங்குகிறார்கள். நாள் கூலி வாங்குகிறவர் அன்றன்றைக்கு அரிசி வாங்குவது போல. சோலார் என்பது 25 ஆண்டுக்கு வேண்டிய அரிசியை முதல் நாளே லீ பஜாரில் மொத்தமாக வாங்கி வீட்டில் அடுக்குவது. மூட்டைக்கு மூட்டை மலிவுதான், மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு மடியில் பணம் இருப்பவருக்குத்தான் அந்த மலிவு. மானியமும் பேனல் பொருத்தி மீட்டர் வைத்த பிறகுதான் வங்கிக் கணக்குக்கு வருகிறது. அதுவரை முழு இரண்டு லட்சத்தையும் யாராவது கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

"இன்னும் விலை இறங்கும், பொறுத்துப் போடலாம்" என்று சொல்கிறவர்கள் எங்கள் தெருவிலும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2010ஐ ஒட்டி இந்தியாவில் முதல் பெரிய சோலார் ஏலங்கள் நடந்தபோது யூனிட் 11, 12 ரூபாய். 2016இல் கமுதியில் 648 மெகாவாட் நிலையம் வந்தபோது தமிழ்நாடு 25 ஆண்டுக்கு ஒப்புக்கொண்ட விலை 7 ரூபாய் 1 காசு. 2020 டிசம்பரில் குஜராத் ஏலத்தில் விலை 1 ரூபாய் 99 காசுக்கு இறங்கிவிட்டது. உலக அளவில் இதுவரை செய்த பேனல்களின் மொத்த அளவு இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் பேனல் விலை ஐந்தில் ஒரு பங்கு குறைந்துகொண்டே வந்திருக்கிறது. முன்னால் போனவர்கள் அதிக விலை கொடுத்ததால்தான் பின்னால் வந்த நமக்கு மலிவாகக் கிடைத்தது. கமுதி ஒப்பந்தத்தைத் திட்டுகிறவர்கள் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் வீட்டு மாடியில் இனி அந்த அளவு இறக்கம் வராது என்றே நான் நினைக்கிறேன். என் பில்லை எடுத்துப் பார்த்தேன், பேனலுக்குப் போனது பாதிக்கும் குறைவு. மீதியெல்லாம் இரும்புச் சட்டம், தாமிர வயர், இன்வெர்ட்டர், எர்த்திங், கூலி. இவற்றில் பெரும்பாலானவை ஏறுகிற சாமான்களே. உலகச் சந்தையில் பேனல் விலை விழுந்தாலும் அந்த விலை அப்படியே நமக்கு வந்து சேர்வதில்லை. 2022 ஏப்ரல் முதல் இறக்குமதிப் பேனலுக்கு 40 சதவீதச் சுங்க வரி போட்டார்கள். மானியம் வேண்டுமென்றால் பேனல் மட்டுமல்ல, அதற்குள் மின்சாரம் உண்டாக்கும் செல்லும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும். உள்நாட்டுத் தொழில் வளர வேண்டும் என்பதற்காகச் செய்தது, நான் எதிர்க்கவில்லை. அதன் விலையைக் கொடுப்பது வீட்டுக்காரர்தான் என்பதை மட்டும் சொல்கிறேன். 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டியை 12இலிருந்து 5 சதவீதமாகக் குறைத்தது நல்ல உதவி. அதைப் போல இன்னொரு குறைப்புக்காக இரண்டு மூன்று ஆண்டு காத்திருந்தால், அதற்குள் கட்டும் கரண்ட் பில் மிச்சமாகும் தொகையை விழுங்கிவிடும்.

இனி செல்வியின் கணக்கு. அவள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 380 யூனிட் போல ஓடுகிறது. நம் மாநிலத்தில் முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் 200 வரை யூனிட் இரண்டரை ரூபாய்க்கும் குறைவு, அதையும் தாண்டினால் 400 வரை ஐந்து ரூபாய்க்குள். ஏழை வீடுகளைக் காப்பாற்றுகிற ஏற்பாடு இது, ஒரு யூனிட் கூடக் குறைக்கக் கூடாது. ஆனால் இரண்டு வட்டிக்குக் கடன் வாங்கி ஏழரை ரூபாய்க்கு சோலார் மின்சாரம் செய்து, இரண்டரை, ஐந்து ரூபாய் மின்சாரத்தை மிச்சப்படுத்தச் சொல்லி அவளிடம் எப்படிச் சொல்வேன்? இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட்டைத் தாண்டும் வீட்டில், கடைசி யூனிட்டுகள் 11 ரூபாய்க்கு மேல். அங்கே சோலார் போட்டால் மூன்று, நான்கு ஆண்டில் போட்ட பணம் திரும்பிவிடும். மூன்று ஏசி ஓடும் வீட்டுக்கும் அதே 78,000 மானியம்தான்.

ஏழு சதவீத வங்கிக் கடனாவது கிடைக்குமா என்று செல்வியை அழைத்துக்கொண்டு ஒரு வங்கிக்குப் போனேன். மின் இணைப்பு அவள் மாமனார் பெயரில் இருக்கிறது. மாமனார் இறந்து ஆறு ஆண்டு. பெயர் மாற்ற வாரிசுச் சான்று வேண்டும், கணவரின் அண்ணன் தம்பிகள் மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் திருப்பூரில், ஒருவரோடு பேச்சு வார்த்தையே இல்லை. வங்கியில் மரியாதையாகத்தான் பேசினார்கள், காகிதம் இல்லாமல் அவர்களாலும் எதுவும் செய்ய முடியவில்லை. அடமானம் கேட்காத கடன்தான் அது. இருந்தும் வாசலிலேயே நின்றுவிட்டது.

செல்வி செய்வது வெள்ளிக் கொலுசு வேலை. செவ்வாய்ப்பேட்டையிலிருந்து வெள்ளி எடைபோட்டு வீட்டுக்கு வரும். திண்ணையில் உட்கார்ந்து வளையம் வளையமாகக் கோத்துப் பற்றவைத்துக் கொடுப்பாள், கிராம் கணக்கில் கூலி. என் மாடியில் நான் பேனலைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் அருகே வந்து உற்றுப் பார்த்துவிட்டு, "கண்ணாடிக்குள்ளே மயிர் மாதிரிக் கோடு கோடாகப் போட்டிருக்கிறார்களே, அது என்ன அக்கா?" என்று கேட்டாள். அது வெள்ளி. செல்லில் உண்டாகும் மின்சாரத்தை வாரி எடுப்பதற்காக வெள்ளிப் பசையால் அச்சடித்த கோடுகள். ஒரு பேனலில் சில கிராம்தான். ஆனால் உலகம் முழுக்கச் சேர்த்தால் 2024இல் சுமார் 6,000 டன் வெள்ளி சோலாருக்கே போயிருக்கிறது, மொத்தத் தேவையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. 2025இல் வெள்ளி கிலோ ஒன்றரை லட்சத்தைத் தாண்டி ஏறியதற்கு முதலீட்டாளர்கள் வாங்கிக் குவித்தது உட்படப் பல காரணங்கள் உண்டு, சோலாரும் அதில் ஒன்று. விலை ஏறியதும் கொலுசு வாங்குகிறவர்கள் எடையைக் குறைத்தார்கள். எடை குறைந்தால் செல்வியின் கூலியும் குறையும். அன்றைக்கு அவளிடம் இதை விளக்கிச் சொன்னபோது, கையை நீட்டி அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். "என்னிடம் வர வேண்டிய வெள்ளியா இது?" என்றாள். எனக்கு அந்தக் கேள்வி இன்னும் நெஞ்சில் கிடக்கிறது. பேனல் செய்கிறவர்கள் வெள்ளிக்குப் பதில் தாமிரத்துக்கு மாற முயல்கிறார்கள். அந்த மாற்றம் வந்தால் அவளுக்கும் நல்லது, பேனலுக்கும் நல்லது.

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் என் தங்கை வீடு. காபியும் மிளகும் போட்டிருக்கிறார்கள். குளிர்ந்த ஊரில் சோலார் வேலை செய்யாது என்று பலர் நினைக்கிறார்கள், உண்மை நேர்மாறானது. பேனலுக்கு வெளிச்சம் வேண்டும், சூடு ஆகாது. சித்திரை வெயிலில் என் மாடிப் பேனல் 65 டிகிரி வரை சுடுகிறது. 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு சதவீதத்தில் மூன்றில் ஒரு பங்கு போல உற்பத்தி இறங்கும். அதனால்தான் மே மாதத்தைவிட மார்ச்சில் எனக்கு அதிகம் வருகிறது. மலையில் அந்த இழப்பு குறைவு. அங்கே தொல்லை மூடுபனியும் சில்வர் ஓக் நிழலும். ஒரு பேனலில் நிழல் விழுந்தால் அதோடு வரிசையாக இணைத்த மற்றவையும் சோர்ந்துவிடும். என் வீட்டிலேயே பொருத்த வந்த நிறுவனம் தண்ணீர்த் தொட்டி நிழலில் ஒரு பேனலை வைத்துவிட்டுப் போய்விட்டது. மாலை மூன்று மணிக்கு மேல் மொத்த வரிசையும் படுத்துவிடும். சண்டை போட்டுத்தான் இடம் மாற்ற வைத்தேன். போடப் போகிறவர்கள் மார்கழி மாதத்து நீண்ட நிழலையும் பார்த்துவிட்டு இடத்தைக் குறியுங்கள்.

தங்கை வீட்டுக்காரர் பேட்டரியும் வைத்திருக்கிறார். ஐப்பசி, கார்த்திகையில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் இரண்டு நாள் கரண்ட் இருக்காது என்பதால் அவருக்கு அது கட்டாயம். நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை பழைய ஆசிட் பேட்டரியைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தவர் இப்போது லித்தியத்துக்கு மாறிவிட்டார். இனி உண்மையான விலை இறக்கம் வரப்போவது இந்தப் பக்கம்தான். 2022இல் மத்திய அரசின் சோலார் நிறுவனம் நடத்திய பேட்டரி ஏலத்தில் மெகாவாட்டுக்கு மாதம் 10 லட்சத்து 84 ஆயிரம் ரூபாய் கேட்டார்கள். 2025இல் நடந்த ஏலங்களில் அது 2 லட்சம் அளவுக்கு இறங்கிவிட்டது. பகலில் பெருகும் மின்சாரத்தை விளக்கு வைக்கும் நேரத்துக்கு எடுத்து வைப்பது, மூன்றே ஆண்டில் ஐந்தில் ஒரு பங்கு செலவாகிவிட்டது. பேட்டரியும் ஆனால் பேனலைப் போலவேதான், முழு விலையையும் முதல் நாளே கேட்கும். மறுபடியும் வட்டி வந்து நிற்கும்.

வழி இல்லையா? என் அனுபவத்தில் இருக்கிறது. எங்கள் சங்கத்தில் விவசாயிக்குப் பயிர்க்கடன் கொடுக்கிறோம். தவணை தவறாமல் கட்டினால் வட்டியே இல்லை, அரசு ஏற்றுக்கொள்கிறது. அதே முறையில் செல்விக்கு 1 லட்சத்து 22 ஆயிரத்தைப் பத்தாண்டுக்குக் கொடுத்துப் பாருங்கள். மாதம் 1,017 ரூபாய். யூனிட் 2 ரூபாய் 84 காசு. ஏழரை ரூபாய் எங்கே, இது எங்கே! சங்கத்துக்குக் கடன் வாங்கியவரை அடையாளம் தெரியும், தெரு தெரியும், மாமனார் இறந்ததும் தெரியும். பாகம் பிரிக்காத வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்பதற்கு வங்கிக்கு வேண்டுமானால் காகிதம் தேவைப்படலாம், சங்கத்துக்கு உறுப்பினர் இருவரின் ஜாமீன் போதும் என்று விதியைத் திருத்தலாம்.

கூரையே இல்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. வேறொரு இடத்தில் பேனலைப் போட்டு, உற்பத்தியைப் பல வீட்டு மீட்டரில் பகிர்ந்து கழிக்கும் முறையை டெல்லியின் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2019லேயே வகுத்துவிட்டது. எங்கள் சங்கக் கிடங்கின் கூரை சும்மாதான் கிடக்கிறது. உர மூட்டை அடுக்கிய அந்தக் கிடங்கின் மேல் காலை முதல் மாலை வரை ஒரு நிழல் விழாது. ஓடு போட்ட, சீட்டுப் போட்ட, வாடகை வீட்டு உறுப்பினர்கள் பங்கு பங்காகப் பணம் போட்டு அந்தக் கூரையில் சேர்ந்துகொள்ளலாம். நம் மாநில ஒழுங்குமுறை ஆணையம் சின்ன வீடுகளுக்கு அப்படிப் பகிர்வதை எளிதாக்க வேண்டும்.

எங்கள் சங்கத்தின் அடுத்த பேரவைக் கூட்டத்துக்கு இரண்டு தீர்மானம் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்று, சோலார் கடனைப் பயிர்க்கடன் போல வட்டி மானியத்தில் சேர்க்கும்படி அரசைக் கேட்பது. இன்னொன்று, கிடங்குக் கூரையை அளந்து எத்தனை கிலோவாட் வரும் என்று மதிப்பீடு வாங்குவது. முன்மொழிவதற்கு நான் இருக்கிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். சேலம் மாவட்டத்தில் கூட்டுறவுச் சங்க உறுப்பினராக இருப்பவர்கள் இதைப் படித்தால், தீர்மானத்தின் நகலை வாங்கி உங்கள் சங்கத்திலும் வையுங்கள். கேட்பவர்களுக்குக் கைப்பட எழுதி அனுப்புகிறேன்.