அவள் ஏன் அவனிடம் சொல்லவில்லை?

போன கிழமை உயர்தர வகுப்பில் குறுந்தொகையின் 25ஆம் பாட்டைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கடைசி வாங்கில் இருந்த பிள்ளை கேட்டாள்: "ஏன் டீச்சர், இத அவனுக்கிட்டயே கேக்கலாம்தானே? ஏன் தோழிக்கிட்டச் சொல்றாள்?"

கபிலர் பாட்டு அது. அவனும் அவளும் கூடிய நேரம் வேறு யாருமே இல்லை. அவன் பொய் சொல்லிவிட்டால் 'யான் எவன் செய்கோ' என்கிறாள். சாட்சிக்கு நின்றது ஒரு குருகு. அதுவும் ஓடுகிற நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு நின்றது. எங்கள் மட்டக்களப்பு வாவிக்கரையில் விடியப்புறம் போய் நின்றால் இந்தக் காட்சி தெரியும். பக்கத்தால் தோணி போனாலும் கொக்கு திரும்பாது, கண் முழுக்க மீனில்தான். அப்படி ஒன்றைச் சாட்சியாகச் சொல்ல வேண்டி வந்தவளின் பயம் எவ்வளவு இருக்கும்! 'பயமாக இருக்கிறது' என்று அவள் ஓரிடத்திலும் சொல்லவில்லை.

பிள்ளைக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல அன்று நேரம் போதவில்லை. மூன்று நாளாக அதே யோசனை. அவனிடம் சொன்னால் சண்டை. ஊரிடம் சொன்னால் அலர், ஊர்வாயில் விழுகிற பேச்சு. தோழியிடம்தான் அந்தப் பயத்தைப் பயமாகவே வைக்க முடியும்.

உறவையும் உணர்ச்சியையும் சொல்கிற கவிதைகளை ஒப்பிட வேண்டுமென்றால், உவமையைப் பார்க்க முதல் அது யாரிடம் சொல்லப்படுகிறது என்று பார்க்க வேண்டும். நாங்கள் அப்படிப் படிக்கவும் இல்லை, படிப்பிக்கவும் இல்லை. குறுந்தொகையின் 'நிலத்தினும் பெரிதே' பாட்டையே எடுங்கள். அவனோடு அவளுக்குள்ள நட்பு எவ்வளவு பெரிது என்பதற்கு நிலம், வான், நீர் என்று மூன்றையும் எழுதினால் புள்ளி கிடைத்துவிடும். ஆனால் அந்தப் பாட்டின் பழைய குறிப்பை வாசித்துப் பாருங்கள். தோழி அவனைக் குறை சொல்லியிருக்கிறாள். அதற்கு மறுமொழியாகத்தான் இவள் இப்படிச் சொல்கிறாள். அவனும் வேலிக்கு அங்கால நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான். தோழிக்கு, 'அவனை அப்படிச் சொல்லாதே.' அவனுக்கு, 'இவ்வளவு பெரிதென்று நம்பியிருக்கிறேன், எப்போது கலியாணம்?' ஒரே நான்கு வரி இரண்டு பேருக்கும் போய்ச் சேருகிறது. இதை விட்டுவிட்டுப் படித்தால் வெறும் புகழ்ச்சிதான் மிஞ்சும்.

ஔவையாரின் 'முட்டுவேன்கொல் தாக்குவேன்கொல்' பாட்டையும் தோழிக்குச் சொன்னதாகவே குறிப்பு இருக்கிறது. ஆனால் அவளுடைய முகம் ஊரின் பக்கம் திரும்பி நிற்கிறது. அவளுடைய நோய் அறியாமல் ஊர் தூங்குகிறது. கேட்க வேண்டியவர்கள் தூங்கிவிட்டதால்தான் அவளுக்கு முட்டவும் தாக்கவும் கூவவும் தோன்றுகிறது.

காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 'உள்ளக் கமலமடி உத்தமனார் வேண்டுவது' என்று பாடினார். அந்த 'அடி'யில் நான் எப்போதும் நின்றுவிடுவேன். பக்தியைக் கூட நேரே இறைவனிடம் சொல்லாமல் ஒருத்தியைக் கூப்பிட்டுச் சொல்கிறார். துறவிக்கும் தோழி வேண்டியிருக்கிறது. அம்பாறைப் பக்கத்து நாட்டார் கவிகளிலும் மச்சானும் மச்சியும் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுத்தான் பேசிக்கொள்வார்கள். இப்போது முகநூலில் வருகிற காதல் கவிதைகளில் எனக்குக் குறையாகப் படுவது இதுதான். எல்லோருக்கும் சொல்கிறார்கள், ஒருவரையும் கூப்பிடுவதில்லை.

இதையெல்லாம் எழுதுகிறபோது எனக்கு மாமியின் நினைவுதான் வருகிறது.

2004 மார்கழி (டிசம்பர்) 26, சுனாமி வந்த நாள். கடற்கரையோரம் நாவலடியில் இருந்த மாமி, மகனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, வாவிக்கு மேற்கே படுவான்கரையில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் ஒப்புச் சொல்லி அழுததெல்லாம் அவனோடு பேசிய பேச்சு. "சோறு ஆறுது மனே" என்பார். "சொல்லாமப் போயிற்றியே, என்னைப் பாக்காமப் போயிற்றியே" என்று ஏசுவார். கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு அவன் எங்கேயோ பக்கத்தில் நின்று பதில் சொல்லப்போகிறான் என்றே இருக்கும். ஒப்பாரியைப் பாடப்புத்தகம் ஒதுக்கி வைப்பது எனக்குத் தாங்காது. செத்தவனை நேருக்கு நேர் ஏசுகிற அந்த உரிமையை நான் படித்த எந்தக் காதல் பாட்டிலும் காணவில்லை.

கடல் வந்த அன்று பௌர்ணமி. அடுத்த பறுவம் தையில் வந்தது. இரவு முற்றத்தில் பாய் போட்டு இருந்தோம். மாமி நிலவைப் பார்த்தபடி, அழாமல் சொன்னார்: "போன நிலவுக்கு மகன் இருந்தான்."

அவனிடமும் சொல்லவில்லை. எங்களிடமும் சொல்லவில்லை.

சோதினைக்காக, அப்பாவை இழந்த பாரி மகளிரின் பாட்டை நான் அப்போது பாடமாக்கி வைத்திருந்தேன். 'அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவின் எந்தையும் உடையேம்.' தோழியைக் கூப்பிடாத பாட்டு. அப்பாவைக் கூடக் கூப்பிடாத பாட்டு. அற்றைத் திங்களும் இற்றைத் திங்களும் மட்டும் இருக்கும், கடைசியில் 'யாம் எந்தையும் இலமே' என்று முடியும். அதில் ஏன் ஒருவரும் கூப்பிடப்படவில்லை என்பது அந்த முற்றத்தில்தான் எனக்கு விளங்கியது.

அந்த இரவுக்குப் பிறகு மாமி ஒப்புச் சொல்லி நான் கேட்டதில்லை.