ஷீட் விற்ற காசு யார் பையில்?

ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலம் முடிந்ததும், தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கிற எங்கள் களியக்காவிளை, பாறசாலைப் பக்கம் கிறிஸ்தவக் கல்யாணங்கள் வரிசைகட்டும். பிரசங்கம் பெரும்பாலும் பைபிளில் எபேசியர் நிருபம் 5ஆம் அதிகாரம்தான். புருஷனுக்குக் கீழ்ப்படியுங்கள் என்று மனைவிகளுக்குச் சொன்ன 22ஆம் வசனத்தில் ரொம்ப நேரம் நிற்பார்கள். கிறிஸ்து சபைக்காகத் தம்மையே கொடுத்ததுபோலப் புருஷன் அன்புகூர வேண்டும் என்கிற 25ஆம் வசனம் வருவதற்குள் பந்திக்கு நேரமாகிவிடும். "ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்" என்று 21ஆம் வசனம் ஒன்று இருப்பதே பலருக்கு ஞாபகம் இருக்காது.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 1 பேதுரு 3:7. மனைவியைப் பெலவீன பாண்டம் என்று சொன்ன வசனமாச்சே என்று பெண்கள் பலருக்கு அதன்மேல் கோபம். முழுசாக வாசித்துப் பாருங்கள். அவளும் உன்னோடுகூடக் கிருபையைச் சுதந்தரிக்கிறவள், அவளுக்குரிய கனத்தைச் செய், உன் ஜெபத்துக்குத் தடை வராதிருக்கட்டும் என்கிறார் பேதுரு. (அவரும் குடும்பஸ்தர்தான். மாமியாருக்குக் காய்ச்சல் வந்த கதை சுவிசேஷத்திலேயே இருக்கிறது.) உபவாச ஜெபம் வைத்தும் ஒன்றும் நடக்கவில்லையே என்று புலம்புகிற அண்ணன்மார், முதலில் வீட்டு அடுப்படிப் பக்கம் போய் விசாரிக்கலாம்.

எங்கள் ஊரில் விடியுமுன் நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு புருஷனும் பெண்சாதியுமாக ரப்பர் பால் வெட்டப் போவார்கள். பழைய வெட்டில் உறைந்து கிடக்கிற ஒட்டுப்பாலைப் பிய்த்துச் சாக்கில் போட்டுக்கொண்டு அவள் முன்னால் போவாள். அவர் வெட்டிக்கொண்டே பின்னால் வருவார். அப்புறம் பால் எடுத்து, அரித்து, ஆசிட் கலந்து உறையவைத்து, ரோலரில் ஷீட் அடித்து, காயப்போடுவது வரை பெரும்பாலும் அவள் கைதான். எத்தனை சோப்பு போட்டாலும் அந்த நாற்றம் கையை விட்டுப் போகாது. ஷீட்டைக் கடையில் போடுகிறவர் அவர். ஞாயிற்றுக்கிழமை காணிக்கை போட அவள் அவரிடம் பத்து ரூபாய் கேட்டு நிற்பாள்.

இதை ஒரு வீட்டு ஆம்பிளையின் குணம் என்று ஒதுக்க முடியாது. எல்லையின் இரண்டு பக்கமும் ஒரு காலத்தில் ஒரே திருவிதாங்கூர் சமஸ்தானம். அங்கே 1916இல் வந்த கிறிஸ்தவ வாரிசுச் சட்டம் என்ன சொன்னது? அப்பா உயில் எழுதாமல் இறந்தால் மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் மகளுக்கு. ஸ்ரீதனம் கொடுத்திருந்தால் அதுவும் கிடையாது. கேரளத்தில் மேரி ராய் என்கிற கிறிஸ்தவப் பெண் போட்ட வழக்கில்தான் 1986இல் உச்ச நீதிமன்றம், இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கும் சம பங்கு உண்டு என்றது. இன்னமும் நாம் "அவளுக்குத்தான் பவன் நகை போட்டாச்சே" என்கிறோம். அந்தப் பவனையும் மாப்பிள்ளை வீட்டில் அவளைக் கேட்காமலே அடகு வைத்துவிடுவார்கள். கிருபையில் பங்குண்டு, ரப்பர் விளையில் (தோட்டத்தில்) பங்கில்லை என்று எந்த நிருபத்தில் எழுதியிருக்கிறது?

கணக்குக் கேட்கிற பெண்ணால் குடும்பம் உடையும் என்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு அண்ணன் கல்ஃபில் இருக்கிறார். சம்பளம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்று எல்லாம் அவர் பெண்சாதி அக்காவுக்குத் தெரியும். வீட்டு ஆதாரத்தை (பத்திரத்தை) இரண்டு பேர் பெயரிலும் பதிந்தபோது அவர் அம்மாவுக்கே கொஞ்சம் வருத்தம்தான். பெண்டாட்டி தாசன் என்று ஊர் பேசியது, அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். லீவுக்கு வந்தால் மீன் கழுவிக் கொடுப்பது அவர் வேலை. அதனால் சாயங்கால ஜெபத்துக்கு அக்காவும் எல்லாரோடும் பாயில் வந்து உட்கார முடிகிறது.

திருமண ஆயத்த வகுப்பு எடுக்கிற போதகர்களிடம் ஒன்று கேட்கிறேன். மாப்பிள்ளையிடம் வசனம் ஒப்பிக்கச் சொல்வது இருக்கட்டும். சம்பளம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டாயா, அவள் பவன் யார் பொறுப்பில் இருக்கும் என்று கேளுங்கள். திணறினால் இன்னொரு வகுப்பு வையுங்கள். மண்டபம் புக் பண்ணியாச்சு என்பார்கள், தேதியை மாற்றச் சொல்லுங்கள்.