கில்காலில் சவுல் செலுத்திய பலி

இஸ்ரவேலின் முதல் ராஜாவான சவுல் கில்காலில் செய்ததில் அப்படி என்ன பெரிய குற்றம் இருக்கிறது என்று, ஓய்வுநாள் பள்ளியில் படித்த காலத்திலிருந்தே எனக்கு ஒரு கேள்வி உண்டு. இஸ்ரவேலின் எதிரிகளான பெலிஸ்தர் 30,000 இரதங்களோடும் 6,000 குதிரைவீரரோடும் மிக்மாசில் பாளயமிறங்கியிருந்தார்கள். இஸ்ரவேலரோ கெபிகளிலும் முட்காடுகளிலும் ஒளிந்துகொள்ள, சிலர் யோர்தானையே கடந்துபோய்விட்டார்கள். தாம் வந்து பலியிடும்வரை காத்திருக்கும்படி தீர்க்கதரிசி சாமுவேல் குறித்த ஏழு நாளும் சவுல் காத்திருந்தான். சாமுவேல் வரவில்லை, கூட இருந்த ஜனங்களோ சிதறிப்போனார்கள். அப்போதுதான் அவன் துணிந்து பலிமிருகத்தை முழுவதும் எரித்துப் படைக்கும் சர்வாங்க தகனபலியைத் தானே செலுத்தினான். செலுத்தி முடித்தவுடன் சாமுவேல் வந்து நின்றார்.

இப்போது ஐம்பது வயதைத் தாண்டி அதே அதிகாரத்தை வாசிக்கும்போது, என்னை நடுங்கவைப்பது அவன் தேர்ந்தெடுத்த செயல்தான். சவுல் அந்நிய தேவனிடம் போகவில்லை, கர்த்தருக்கே பலியிட்டான். ஆனால் அந்தப் பலி, சிதறுகிற படையைப் பிடித்து நிறுத்துவதற்கான கயிறாக இருந்தது. எல்லாவற்றையும் நம் கைக்குள் வைத்திருக்க வேண்டும் என்ற ஆசை, விசுவாசிகளிடத்தில் பெரும்பாலும் பக்தியின் கோலத்திலேயே வருகிறது என்பதை நான் என் வீட்டில்தான் கற்றுக்கொண்டேன்.

என் மகன் மருத்துவராக வேண்டும் என்று இரண்டு ஆண்டுகள் வெள்ளிக்கிழமைதோறும் உபவாசமிருந்தேன். எந்தக் கல்லூரி, எந்த ஆண்டு என்பதுவரை ஒரு தாளில் எழுதி வேதாகமத்துக்குள் வைத்து, அதையே தேவசித்தம் என்று முழு மனதோடு நம்பினேன். நீட் தேர்வில் இருமுறை தவறிய பிறகு, மூன்றாம் முறை எழுதப்போவதில்லை, வரலாறு படிக்க விரும்புகிறேன் என்று அவன் சொன்னபோது, 'ஆண்டவருடைய சித்தத்தை நீ எதிர்க்கிறாய்' என்றேன். பத்தொன்பது வயதுப் பிள்ளையிடம் என் விருப்பத்துக்கு ஆண்டவரின் பெயரைச் சூட்டிப் பேசியதை இன்று நினைத்தாலும் நெஞ்சு வலிக்கிறது. அதன்பின் பல மாதங்கள் அவன் என்னோடு ஜெபத்தில் உட்காரவில்லை.

கேட்பது தவறென்று நான் சொல்லவில்லை. சிலுவைக்கு முந்திய இரவில் கெத்செமனே தோட்டத்தில் இயேசுவும் இந்தப் பாடுகளின் பாத்திரம் நீங்கும்படி வியர்வை இரத்தத்தின் பெருந்துளிகளைப்போல விழ மன்றாடினார். ஆனால் 'உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது' என்று சொன்னபின் எழுந்து, காட்டிக்கொடுக்கிறவன் வரும் வழியிலேயே நின்றார். என் ஜெபத்தில் அந்த இரண்டாம் வாக்கியம் வாயளவில்தான் இருந்தது.

எங்கள் திருநெல்வேலிச் சீமையில், டோனாவூரில் பிள்ளைகளை மீட்டு வளர்த்த மிஷனரி எமி கார்மைக்கேல் அம்மையாரை இந்த நாட்களில் அடிக்கடி நினைக்கிறேன். அத்தனை பிள்ளைகளின் பொறுப்பையும் சுமந்து நடந்தவர், 1931இல் கீழே விழுந்து அடிபட்டு, 1951இல் மறையும்வரை ஏறத்தாழ 20 ஆண்டுகள் பெரும்பாலும் ஓர் அறைக்குள்ளேயே இருந்தார். வாசலுக்கு வெளியே நடப்பதை மற்றவர்களின் கைகளில் விட்டுவிட்டு அங்கே படுத்திருப்பது எப்படிப்பட்ட கீழ்ப்படிதல் என்பதை, ஒரு பிள்ளையின் படிப்பையே விட்டுக்கொடுக்க முடியாத என்னால் இப்போதுதான் சிறிதளவு உணர முடிகிறது.

மகன் வரலாறுதான் படிக்கிறான். அது அவனை எங்கே கொண்டுபோகும் என்று எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை உபவாசத்தை நான் விடவில்லை. அந்தத் தாளை மட்டும் எடுத்துவிட்டேன். இப்போது முழங்காற்படியிட்டு அவன் பெயரைச் சொல்கிறேன். பழைய பழக்கத்தில் அதற்குப் பின்னால் ஏதாவது சேர்க்க நாவு துடிக்கிறது. சில வாரங்களில் சேர்த்தும்விடுகிறேன். போன வெள்ளிக்கிழமை பெயரோடு நிறுத்த முடிந்தது. கண்ணைத் திறந்தபோது அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தான்.