நீர்வண்ணத் தாள் என்று மட்டும் எழுதினால் போதுமா?

நீர்வண்ண ஓவியத்தில் வண்ணத்தைவிடவும் தூரிகையைவிடவும் தாள்தான் முதன்மையானது. ஆனால் கடைகளில் அதைப் பற்றித்தான் மிகக் குறைவாகச் சொல்கிறார்கள் என்பது எனக்குத் தீராத மனக்குறை. சென்ற மாதம் வாங்கிய ஏட்டின் அட்டையில் 'நீர்வண்ணத் தாள்' என்று பெரிதாக அச்சிட்டிருந்தார்களே தவிர, அது பருத்தியா மரக்கூழா, எத்தனை கிராம் எடை என்ற விவரம் எங்கும் இல்லை. கடைக்காரரைக் கேட்டேன். "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றார்.

ஒன்றல்ல. அந்த ஏட்டில் வானம் தீட்டுவதற்காக நீர் பூசிய சிறிது நேரத்திலேயே தாள் அப்பளம்போல் நெளிந்து, பள்ளங்களில் நீலம் தேங்கி, விளிம்புகளில் கறையாகக் காய்ந்தது. சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தாள் இவ்வளவு எளிதில் வளையாது; 100 விழுக்காடு பருத்தித் தாளோ, ஜெலட்டின் போன்ற பசை அதில் சரியாக ஏற்றப்பட்டிருந்தால், ஈரத்தைச் சற்று நேரம் தாங்கி, அடுத்த வண்ணம் மென்மையாகக் கலக்க இடம் கொடுக்கும். மட்டமான மரக்கூழ்த் தாளில் தூரிகையை மீண்டும் ஓட்டினால் இழை உருண்டு வந்துவிடுகிறது. புதிதாகப் பழகுபவர்கள், குறிப்பாகப் பள்ளிப் பிள்ளைகள், இதைத் தம் கையின் குறை என்று எண்ணி வரைவதையே விட்டுவிடுகிறார்கள். என் கோபமெல்லாம் அதனால்தான்.

பருத்தித் தாளின் விலை அதிகம் என்பதை அறிவேன்; பயிற்சிக்கு நல்ல மரக்கூழ்த் தாளே போதும். ஆனால் எடையையும், இழையையும், மேற்பரப்பு சொரசொரப்பா வழவழப்பா என்பதையும் அட்டையில் ஒரு வரி அச்சிட என்ன தடை?